வீஎம் பொறக்க ஸ்கிரிப்ட் இருக்கு, அழியுறதுக்கு யாரு எழுதுறது?

2025 ஜூன் 2, இரவு 9.40 (கேள்வி, பண்டாரவளையில இருந்து ஒரு தம்பி)

ப்ரொக்ஸ்மொக்ஸ்ல (ஒரே சேர்வர்ல நெறைய வீஎம், அதாவது மெய்நிகர் கொம்பியூட்டர், ஓட்டுற மென்பொருள்) ஒரு டெம்ப்ளேட் வச்சி ஒரே கமாண்ட்ல முப்பது வீஎம் குளோன் (நகல்) பண்ணுற ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். ஐபி, பாஸ்வேர்ட், ஹோஸ்ட்நேம் எல்லாத்தையும் மொத பூட்லயே செட்டிங் போடுற க்ளவுட்-இனிட் பாத்துக்குது. லைஃப்சைக்கிள் ஒட்டோமேஷன்னு பெருசா பேசுறாங்களே, இதுதானே அது? ப்ரொக்ஸ்மொக்ஸே தானாக் கூப்பிடுற ஹூக் ஸ்கிரிப்ட்னு ஒன்னு இருக்குதாம், மிச்ச வேலை எல்லாத்தையும் அதுக்குள்ளயே தள்ளிட்டா முடிஞ்சிதானே?

ஜூன் 2, இரவு 11.15

முடியல. முப்பது பொறந்துருச்சி, சரி. அந்த முப்பதும் எப்ப அழியணும்னு எங்க எழுதி வச்சிருக்கீங்க? உங்க மண்டையிலயா? அப்ப ஒட்டோமேஷன் பாதி உங்க மண்டையில தான் ஓடுது.

நான் ஹட்டன் டவுன்ல ஒரு கொம்பியூட்டர் கிளாஸுக்கு லேப் பாக்குறேன், அதோட ஒரு தோட்டத்து பெக்டரி ஒபிஸ் சேர்வரும் என் தலையில தான். ரெண்டும் ப்ரொக்ஸ்மொக்ஸ். லேப்ல இருக்குறது மாணவர் பேட்ச் வந்தா பொறந்து பேட்ச் போனா அழியுற வீஎம், ஒபிஸ்ல இருக்குறது வருசக்கணக்கா ஒரே வீஎம், அதுல தான் கொழுந்து நிறையும் செக்ரோலும் (ஆள் வரவு, சம்பளக் கணக்கு) ஓடுது. இந்த ரெண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்ல கட்டப் பாத்தா ஒன்னுக்கும் ஒத்து வராது, அது அடுத்த கதை.

ஹூக் ஸ்கிரிப்ட் பத்தி. ப்ரொக்ஸ்மொக்ஸ் கூட வர்ற உதாரண பைலை மொதல்ல படிங்க, டொக்ஸ் போல்டர்ல எக்ஸாம்பிள்ஸ்ல இருக்கு, பெர்ல்ல எழுதுன சின்ன பைல். அதுல இருக்குறது நாலு கட்டம்: ப்ரீ-ஸ்டார்ட், போஸ்ட்-ஸ்டார்ட், ப்ரீ-ஸ்டொப், போஸ்ட்-ஸ்டொப் (ஏத்த முன்னாடி, ஏத்துன பொறகு, நிப்பாட்ட முன்னாடி, நிப்பாட்டுன பொறகு). வீஎம் நம்பரும் கட்டத்தோட பேரும் ஆர்கியுமெண்டா வரும், அவ்வளவுதான். குளோன் ஆகும்போதோ டிலீட் ஆகும்போதோ கூப்பிடுற கட்டம் அதுல கிடையாது. அதனால "எல்லாத்தையும் ஹூக்குள்ள தள்ளுறது" மொதல்லயே அடிபட்டுப் போச்சி. பொறப்பும் சாவும் வெளிய இருந்து தான் நடத்தணும், ஏத்துறதும் எறக்குறதும் மட்டும் தான் ஹூக் கையில.

ஜூன் 3, காலை 6.50

ஒன்னு விட்டுட்டேன். ப்ரீ-ஸ்டொப்பை நம்பி எதையும் கட்டாதீங்க. வெளிய இருந்து வெப் பேஜ்லயோ கமாண்ட்லயோ நிப்பாட்டுனா தான் அது ஓடும். பையன் வீஎம்முக்குள்ள உக்காந்துகிட்டு பவர்ஒஃப் அடிச்சா ஓடாது. எங்க லேப்ல எல்லாரும் உள்ள இருந்து தான் ஒஃப் பண்ணுவாங்க, ஏன்னா அந்த கமாண்டை மொத பாடத்துலயே நாங்களே சொல்லிக் குடுக்குறோம். போஸ்ட்-ஸ்டொப் அப்படியில்ல, கெஸ்ட் (அதாவது வீஎம்) கிரேஷ் ஆகி விழுந்தாலும் ஓடணும்னு தான் எழுதியிருக்கு. துப்புரவு வேலை ஏதாவது இருந்தா அங்க போடுங்க.

ஜூன் 3, இரவு 10.05

"ப்ரீ-ஸ்டார்ட்ல அப்ப என்ன போடுறது"ன்னு கேட்டிருக்கீங்க.

என் அபிப்பிராயத்துல ஹூக்குக்கு இருக்குற ஒரே பெரிய சக்தி அதுதான்: ப்ரீ-ஸ்டார்ட் பூஜ்ஜியம் இல்லாத கோட் குடுத்து வெளிய வந்தா வீஎம் ஸ்டார்ட் ஆகாது. மத்த மூனு கட்டமும் தகவல் சொல்லும், இது மட்டும் தான் தடுக்கும். பெக்டரி ஒபிஸ்ல பைல் எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில (நெட்வேர்க்ல மாட்டுன டிஸ்க் பெட்டி) இருக்கு, ஹோஸ்ட் (வீஎம் எல்லாம் ஓடுற நிஜ சேர்வர்) அதை என்எஃப்எஸ்ல மவுண்ட் பண்ணி, அதாவது நெட்வேர்க் வழியா ஒரு போல்டரா இணைச்சி, வச்சிருக்கு. நாஸ் இன்னும் எந்திரிக்காத நேரம் வீஎம் எந்திரிச்சிருச்சின்னா, போல்டர் இருக்கும் உள்ள ஒன்னும் இருக்காது, கிளார்க் "பைல் எல்லாம் போயிருச்சி"ன்னு போன் எடுப்பாரு. அதனால ப்ரீ-ஸ்டார்ட்ல மவுண்ட் இருக்குதான்னு ஒரு வரி, இல்லன்னா எக்ஸிட் 1. தராசு மாட்டியிருக்குற யூஎஸ்பி கேபிள் தெரியுதான்னு இன்னொரு வரி. ரெண்டே கேள்வி.

நூறு வரி ஹூக் ஸ்கிரிப்ட் எழுதுறவங்களைப் பாத்தா எனக்கு பயம். அது ஹோஸ்ட்ல ரூட்டா (எல்லா அதிகாரத்தோடயும்) ஓடுதுங்கிறத மறந்துடுறாங்க.

ஜூன் 4, பகல் 1.20

வெலிமடைக்காரர் ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டாரு, ப்ரீ-ஸ்டார்ட்ல அதே வீஎம்முக்கு மெமரி கூட்டுற கமாண்ட் போட்டாராம், லொக் (பூட்டு) கிடைக்கல, டைம்அவுட்னு வருதாம். வரத்தான் செய்யும். ஸ்டார்ட் பண்ணுற வேலை அந்த வீஎம்மோட பூட்டைக் கையில வச்சிக்கிட்டு தான் உங்க ஹூக்கைக் கூப்பிடுது. ஹூக் முடியட்டும்னு அது நிக்குது, பூட்டு கிடைக்கட்டும்னு ஹூக் நிக்குது. கான்ஃபிக் பைலை சும்மா படிக்கலாம், எழுதத்தான் ஏலாது.

லிப்வர்ட் (லினக்ஸ்ல வீஎம் நடத்துற இன்னொரு மென்பொருள்) பாவிக்கிறவங்களுக்கும் இதே கதை தான். அங்க ஹூக் போல்டர்ல கியூஎம்யூன்னு பைல் வைக்கணும், ப்ரிப்பேர், ஸ்டார்ட், ஸ்டார்ட்டட், ஸ்டொப்ட், ரிலீஸ்னு கட்டம் வரும், வீஎம்மோட முழு எக்ஸ்எம்எல்லும் ஸ்டாண்டர்ட் இன்புட்ல வந்து விழும், அது நல்ல வசதி. ஆனா ஹூக்குக்குள்ள இருந்து திரும்ப லிப்வர்ட்டையே கூப்பிடாதீங்க, டெட்லொக் ஆகும்னு அவங்க டொக்ஸ்லயே எழுதி வச்சிருக்காங்க. யாரும் படிக்கிறதில்ல.

பெரிய வேலை வேணும்னா ஹூக்ல இருந்து சிஸ்டம்டி-ரன் அடிச்சி வேலையைத் தனியா அவுத்து விட்டுட்டு ஹூக்கை ஒடனே முடிச்சிருங்க. பூட்டு விடுபட்ட பொறகு அந்த வேலை நிதானமா நடக்கட்டும்.

ஜூன் 5, இரவு 8.30

கரண்ட் கதைக்கு வருவோம், மழை புடிச்சிருச்சி, இனி இது தான் இங்க வாழ்க்கை. காசல்ரீ, மவுசாகலை, லக்ஸபான எல்லாம் நம்ம பக்கத்துல, நாட்டுக்கே கரண்ட் இங்க இருந்து போகுது, மரம் ஒன்னு சாஞ்சா நமக்குத்தான் மொதல்ல இல்ல. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டுனாங்களே, அப்ப தான் நான் இதெல்லாம் சீரியஸா எடுத்தேன். போன பெப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு ஏறி முழு நாடும் இருட்டாச்சே, அன்னைக்கு லேப்ல கிளாஸ் நடந்துகிட்டு இருந்துச்சி. பிள்ளைங்க குரங்கு மீம் போட்டுக்கிட்டு சிரிக்குறாங்க, நான் யூபிஎஸ் கத்துறதைக் கேட்டுக்கிட்டு நிக்குறேன்.

யூபிஎஸ் யூஎஸ்பியை ஹோஸ்ட்ல குத்தி நட் (யூபிஎஸ்ஸைக் கவனிக்கிற மென்பொருள்) போட்டு வச்சிருக்கேன். பேட்டரி எறங்குனா அது ஹோஸ்ட்டை ஷட்டவுன் பண்ணும், ஹோஸ்ட் வீஎம் எல்லாத்தையும் ஏத்துன வரிசைக்குத் தலைகீழா எறக்கும். ஒவ்வொரு வீஎம்முக்கும் 180 செக்கன் வரைக்கும் பொறுத்திருக்கும், நம்ம மாத்தாட்டி அதுதான் டிஃபோல்ட். ஒரே ஓர்டர் நம்பர்ல இருக்குறது எல்லாம் ஒன்னா எறங்கும், வேற வேற நம்பர்னா ஒன்னு முடிஞ்ச பொறகு தான் மத்தது. அஞ்சி படி வச்சி, ஒவ்வொரு படியிலயும் அடம்புடிக்கிற வீஎம் ஒன்னு இருந்தா பதினஞ்சி நிமிசம். என் யூபிஎஸ் பேட்டரி அதுக்கு முன்னாடியே கண்ண மூடிரும்.

அடம்புடிக்கிறதுக்கு நான் அதிகமா பாத்த காரணம்: ஒப்ஷன்ல கெஸ்ட் ஏஜெண்ட்டை (வீஎம்முக்குள்ள ஓடி ஹோஸ்ட்டோட பேசுற சின்ன ப்ரோக்ராம்) ஒன் பண்ணி வச்சிருப்பாங்க, வீஎம்முக்குள்ள அதை இன்ஸ்டோல் பண்ணியிருக்க மாட்டாங்க. ஷட்டவுன் சொன்னா ப்ரொக்ஸ்மொக்ஸ் ஏஜெண்ட்டைக் கூப்பிட்டுக்கிட்டே நிக்கும், பதில் சொல்ல உள்ள ஆள் இல்ல. டெம்ப்ளேட்லயே ஏஜெண்ட்டைப் போட்டுருங்க, அந்தத் தொல்லை முடிஞ்சிரும். லேப் வீஎம்முக்கு நான் எறக்குற நேரத்தை 30 செக்கனுக்குக் கொறச்சி வச்சிருக்கேன், அதுல எறங்காதது விழட்டும், பிள்ளைங்க பயிற்சி பைல் தானே. செக்ரோல் வீஎம்முக்குத்தான் முழு நேரமும்.

ஜூன் 6, காலை 7.10

3ஆம் திகதி எழுதுனதுக்கும் நேத்து எழுதுனதுக்கும் இடையில ஒரு ஓட்டை இருக்குன்னு பண்டாரவளைத் தம்பியே கண்டுபுடிச்சிட்டாரு. கரண்ட் வந்ததும் ஹோஸ்ட் எந்திரிக்கும், நாஸ் இன்னும் டிஸ்க் செக் பண்ணிக்கிட்டு இருக்கும், ப்ரீ-ஸ்டார்ட் எக்ஸிட் 1 குடுக்கும், வீஎம் எந்திரிக்காது. சரி. அதுக்கு அப்புறம்? ஒன்பூட்ல (ஹோஸ்ட் எந்திரிச்சதும் தானா) ஏத்துறது ஒரு தரம் தான் முயற்சி பண்ணும். நாஸ் வந்த பொறகும் வீஎம் படுத்தே கெடக்கும்.

ஆமா. அதனால பெக்டரி ஹூக்ல எக்ஸிட் 1க்கு முன்னாடி ஒரு லூப் இருக்கு, கொஞ்ச நேரம் மவுண்ட்டைப் பாத்துக்கிட்டு நிக்கும். "ஹூக்கை ஒடனே முடிங்க"ன்னு நேத்து முந்தாநேத்து சொன்னவன் இப்ப இப்படி சொல்றேன்னு சிரிக்காதீங்க, ரெண்டும் சரி தான். இந்த வீஎம்முக்கு அந்த நேரத்துல வேற வேலை இல்ல, பூட்டு பிடிச்சிக்கிட்டு நிக்குறதால யாருக்கும் நட்டமில்ல. நட்டம் பின்னாடி வரிசையில நிக்குறவங்களுக்குத் தான், ஏன்னா ஹோஸ்ட் ஒன்னு ஒன்னா தான் ஏத்தும். அதனால காத்து நிக்குற வீஎம்முக்கு ஓர்டர் நம்பரைக் கடைசியாக் குடுங்க. ஓர்டரே குடுக்காத வீஎம் எல்லாம் குடுத்ததுக்குப் பின்னாடி தான் ஏறும்ங்கிறதையும் மனசுல வச்சிக்கோங்க.

ஹூக்கே இல்லாம வேணும்னா நோட் செட்டிங்ல ஸ்டார்ட்-ஓல் டிலேன்னு ஒன்னு இருக்கு, 300 செக்கன் வரைக்கும் போடலாம். ஆனா அது எல்லா வீஎம்மையும் சேத்து நிப்பாட்டும், டிஎன்எஸ் வீஎம் கூட படுத்திருக்கும்.

ஜூன் 9, இரவு 9.55

நாளைக்கு போசன் போயா (பௌர்ணமி லீவு), கிளாஸ் இல்ல, அதனால இப்ப எழுத நேரம்.

லேப் வீஎம் காலையில ஏறி ராவைக்கு எறங்குறது டைமர்ல நடக்குது. போயா திகதி வருசா வருசம் மாறும், க்ரொன்ல (நேரத்துக்கு வேலை ஓட்டுற லினக்ஸ் அட்டவணை) ஒரு வரியில எழுதவே ஏலாது. நான் செய்யுறது: லீவு திகதி எல்லாத்தையும் ஒரு சாதா டெக்ஸ்ட் பைல்ல வருசத் தொடக்கத்துல கலண்டரைப் பாத்து எழுதி வைக்கிறது, டைமர் ஓடும்போது இன்னைக்குத் திகதி அந்த பைல்ல இருக்குதான்னு பாக்கும், இருந்தா பேசாமப் போயிரும். ஏபிஐ, கலண்டர் சிங்க் எல்லாம் வச்சி செய்யலாம்னு ஒருத்தர் சொன்னாரு. செய்யலாம். இன்டர்நெட் இல்லாத காலையில என்ன செய்வீங்க?

நேரம் இன்னொரு பொறி. ஹோஸ்ட் யூடிசியில (உலகப் பொது நேரம்) இருந்தா "30ஆம் திகதி ஆனதும் நிப்பாட்டு"ன்னு எழுதுனது நம்ம ஊர் காலை 5.30க்குத் தான் ஓடும், நடுச்சாமத்துல இல்ல. கிளாஸுக்கு அது பரவாயில்ல, ஆனா ராத்திரி 12க்கு ஓடணும்னு நெனச்ச பெக்அப் காலையில சேர்வருக்கு வேலை வர்ற நேரம் ஓடிக்கிட்டு இருக்கும். ஏசியா கொழும்பு ஸோனைப் போட்டுருங்க. நம்ம நாடு 1996ல ரெண்டு தரம் நேரத்தை மாத்தி, 2006 ஏப்ரல்ல தான் திரும்ப ஐந்தரைக்கு வந்துச்சி, பழைய பதிவு பைல் பாக்குறவங்களுக்கு அந்தப் பத்து வருசம் ஒரு தலைவலி. நமக்கு இல்ல, அவ்வளவு பழைய பதிவு நம்மகிட்ட எங்க இருக்கு.

ஜூன் 9, இரவு 10.20

தம்பி, உங்க முப்பதுல ரெண்டு வீஎம்முக்கு ஒரே ஐபி வருதுன்னு போட்டிருக்கீங்களே, அது டிஎச்சிபி (ஐபி பங்கு போடுற) சேர்வர் கோளாறில்ல. உபுண்டு தன் அடையாளத்தை மெஷின்-ஐடியில (ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் உள்ள தனி அடையாளம்) இருந்து செஞ்சி தான் ஐபி கேக்கும், எம்ஏசி (நெட்வேர்க் கார்ட் நம்பர்) வேறயா இருந்தாலும் பிரயோசனமில்ல. டெம்ப்ளேட்டை சீல் பண்ண முன்னாடி மெஷின்-ஐடி பைலை வெறுமையாக்குங்க, பைலை அழிக்காதீங்க, உள்ள இருக்குறத மட்டும். க்ளவுட்-இனிட் க்ளீனும் ஒரு தரம் ஓட்டுங்க, இல்லாட்டி பழைய ஓட்டத்தோட பதிவும் மிச்சமும் எல்லாக் குளோனுக்கும் சொத்தா வரும். நெட்ப்ளான்ல (உபுண்டுவோட நெட்வேர்க் செட்டிங்) டிஎச்சிபி அடையாளத்தை எம்ஏசின்னு மாத்துறதும் ஒரு வழி.

ஜூன் 12, இரவு 11.30

இப்ப மெயின் விசயம். இதுக்காகத்தான் மொத நாளே கேட்டேன், எப்ப அழியும்னு.

கொழும்புல பெரிய கம்பெனியில வேலை செய்யுற அக்கா ஒருத்தங்க இங்க எழுதியிருந்தாங்க, விஎம்வேர்ல (பெரிய கம்பெனிங்க பாவிக்கிற வீஎம் மென்பொருள்) இதெல்லாம் பத்து வருசத்துக்கு முன்னாடியே இருந்துச்சின்னு. உண்மை தான். அவங்க விரியலைஸ் ஒட்டோமேஷன்ல, அதுக்கு முந்தி விக்ளவுட் ஒட்டோமேஷன் சென்டர்னு பேரு, மெஷின் ஒவ்வொரு நிலைக்குப் போகும்போதும் நம்ம வேர்க்ஃப்ளோவை (வேலை வரிசையை) மாட்ட ஏலுமா இருந்துச்சி. கட்டுற நிலை, குடுத்து முடிச்ச நிலை, காலாவதி ஆன நிலை, அழிக்கிற நிலைன்னு. 7ஆம் வேர்ஷன்ல அதை ஈவண்ட் ப்ரோக்கர்னு மாத்துனாங்க. 2023 நவம்பர்ல விஎம்வேர் ப்ரோட்கொம் கம்பெனி கைக்குப் போன பொறகு லைசன்ஸ் விலையில நம்மள மாதிரி சின்ன இடம் அந்தப் பக்கம் தலைவச்சிக் கூடப் படுக்க ஏலாது. ஆனா அவங்ககிட்ட இருந்து ஒரு விசயத்தை நான் அப்படியே எடுத்துக்கிட்டேன்: காலாவதியும் அழிவும் ஒன்னில்ல. லீஸ் (மெஷினுக்குக் குடுத்த தவணை) முடிஞ்சா மெஷின் ஒஃப் ஆகும், ஆனா கொஞ்ச நாள் அப்படியே கெடக்கும், அதுக்கு அப்புறம் தான் அழியும். அந்த இடைவெளி தான் தங்கம்.

என் லேப்ல எப்படின்னா, குளோன் ஸ்கிரிப்ட் வீஎம் நோட்ஸ்ல மூனு வரி எழுதும்: யாருக்கு, எதுக்கு, எது வரைக்கும். அந்த மூனும் இல்லாம குளோனே ஆகாது. ராவைக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி திகதி தாண்டுனதை எல்லாம் எறக்கி, ஒன்பூட்டைக் கழட்டி, டேக் ஒட்டி வைக்கும். ரெண்டு கிழமை கெடந்த பொறகு கடைசி பெக்அப் ஒன்னு எடுத்துட்டு அழிக்கும். காலையில எனக்கு ஒரு டெலிகிராம் மெசேஜ் வரும், தோட்டத்துல காலைப் பெரட்டுல ஆள் சேத்து பேர் கூப்பிடுற மாதிரி, யாரு வந்தது, யாரு வரல, யாருக்கு இன்னும் மூனு நாள் தான் இருக்குன்னு.

அந்த ஒன்பூட் கழட்டுறது சின்ன விசயமாத் தெரியும். அதை செய்யலன்னா கரண்ட் போய் வந்ததும் காலாவதி ஆன வீஎம் எல்லாம் உசுரோட எந்திரிச்சி உக்காந்திருக்கும். கொழும்புல டேட்டா சென்டர்ல இருக்குறவங்களுக்கு இது தெரியாது, அவங்க ஹோஸ்ட் வருசத்துக்கு ஒருக்கா ரீபூட் ஆகும். நம்ம ஹோஸ்ட் மழைக்காலத்துல எத்தனை தரம் விழுந்து எந்திரிக்குது? இங்க தான் ஹூக்கோட தடுக்குற சக்திக்கு சரியான வேலை: ப்ரீ-ஸ்டார்ட் நோட்ஸைப் படிச்சி, திகதி தாண்டியிருந்தா எக்ஸிட் 1. பிள்ளைங்க வெப் பேஜ்ல போய் ஸ்டார்ட் அமுக்குனாலும் எந்திரிக்காது, கான்ஃபிக்கை சும்மா படிக்கிறதால லொக் பிரச்சினையும் இல்ல.

ஜூன் 13, காலை 6.40

நோட்ஸ்ல தமிழ்ல எழுதலாமான்னு கேட்டவருக்கு: எழுதலாம், வெப் பேஜ்ல அழகாத் தெரியும். கான்ஃபிக் பைல்ல போய்ப் பாத்தீங்கன்னா சதவீதக் குறியும் எண்ணுமா ஒரு புதர் மாதிரி நிக்கும், கிரெப் கமாண்ட்ல தேடுனா ஒன்னும் சிக்காது. திகதி வரியை மட்டும் வெறும் எண்ணுல வைங்க, 2025-08-31 மாதிரி. பேர் தமிழ்லயே இருக்கட்டும்.

ஜூன் 17, இரவு 9.15

அழிக்கிறதுல ரெண்டு குழி இருக்கு.

ஒன்னு, நம்பர். வீஎம் 112ஐ அழிச்சா, அடுத்து பொறக்குறதுக்கு ப்ரொக்ஸ்மொக்ஸ் காலியா இருக்குற சின்ன நம்பரைத் தான் குடுக்கும், அது திரும்ப 112ஆ இருக்கலாம். பழைய 112ஓட பெக்அப் அந்த நம்பர்லயே கெடக்கும். யாராவது புது 112ல பெக்அப் டேப்பைத் தொறந்து பாத்து ரீஸ்டோர் அமுக்குனா வேற பிள்ளையோட பழைய வேலை வந்து உக்காந்துக்கும், புதுசு போயிரும். அழிக்கும்போது பர்ஜ் போட்டா பெக்அப் ஜொப், ரெப்ளிகேஷன் லிஸ்ட்ல இருந்து அந்த நம்பர் கழன்டுரும், ஆனா எடுத்து வச்ச பெக்அப் பைல் அப்படியே தான் இருக்கும். நம்ம கடைசி பெக்அப் அது தானே, இருக்கணும். அதனால டேட்டாசென்டர் ஒப்ஷன்ல அடுத்த நம்பர் எந்த எல்லைக்குள்ள வரணும்னு போட்டு, ஒவ்வொரு பேட்சுக்கும் எல்லையைத் தள்ளிக்கிட்டே போறேன். நம்பர் தீந்துராது, பயப்படாதீங்க.

ரெண்டாவது, இடம். லிங்க்ட் குளோன்னா (டெம்ப்ளேட்டோட டிஸ்க்கைப் பகிர்ந்து நிக்குற நகல்) தாய் டெம்ப்ளேட்டை குளோன் எல்லாம் போகுற வரைக்கும் அழிக்க ஏலாது. புது டெம்ப்ளேட் செஞ்சாலும் பழசு இடம் புடிச்சிக்கிட்டு நிக்கும், ஒரே ஒரு பிள்ளையோட வீஎம்முக்காக. தின் பூல்ல (இருக்குற இடத்தை விட அதிகமா பங்கு போட்டுக் குடுக்க ஏலுற டிஸ்க் தொகுப்பு) இன்னும் மோசம், பூல் நெறஞ்சா ஒரு வீஎம் இல்ல, எழுதப் போற எல்லா வீஎம்மும் எரர் குடுக்கும். டிஸ்க்ல டிஸ்கார்ட் ஒப்ஷனைப் போட்டு, உள்ள எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்தை வெளிய சொல்லுற கமாண்ட்) டைமர் ஓடுதான்னு பாருங்க, இல்லாட்டி உள்ள அழிச்ச பைலோட இடம் வெளிய திரும்பி வராது. காலை மெசேஜ்ல பூல் எத்தனை சதவீதம்னு கடைசி வரி வச்சிருக்கேன், மொதல்ல படிக்கிறது அந்த வரியைத் தான்.

ஜூன் 18, இரவு 10.40

"செக்ரோல் வீஎம்முக்கும் லீஸ் போட்டிருக்கீங்களா?"

ஐயோ, இல்ல. அதுக்கு ப்ரொடெக்ஷன் ஒன் பண்ணியிருக்கு, வீஎம்மையும் டிஸ்க்கையும் யாரும் அழிக்க ஏலாது, என் ராத்திரி ஸ்கிரிப்ட் உட்பட. நோட்ஸ்ல "எது வரைக்கும்"ங்கிற இடத்துல திகதி இல்ல, பெரிய கிளார்க்கோட பதவிப் பேர் இருக்கு, அவரைக் கேட்டுத் தான் எதுவும்.

ஆனா அந்த வீஎம்முக்குள்ள ஒரு சின்ன லைஃப்சைக்கிள் ஓடுது: ஸ்னப்ஷொட் (டிஸ்க்கோட அந்த நேரத்து நிலையைப் பிடிச்சி வைக்கிறது). 10ஆம் திகதி சம்பளம், அதுக்கு முன்னாடி கணக்கு மூடுவாங்க. மூடுற ராத்திரிக்கு முன்னாடி ஸ்னப்ஷொட் எடுக்கும், ஏஜெண்ட் இருக்குறதால பைல் சிஸ்டத்தை ஒரு நொடி உறைய வச்சி எடுக்கும். சம்பளம் குடுத்து முடிஞ்ச பொறகு அந்த ஸ்னப்ஷொட்டை அழிக்கும். எடுக்குறதுக்கு நெறைய பேர் ஸ்கிரிப்ட் வச்சிருக்காங்க, அழிக்கிறதுக்கு யாரும் வைக்கிறதில்ல, வருசக் கடைசியில பாத்தா டிஸ்க் வாயைப் பொளந்துகிட்டு நிக்கும். ஸ்னப்ஷொட் பெக்அப் ஆகாதுன்னும் சொல்லி வைக்கிறேன், அது அதே டிஸ்க்ல தான் கெடக்கு.

சம்பளத் திகதி போயாவுல விழுந்தா? அடுத்த மாசம் விழுது, ஜூலை 10 எசல போயா. அன்னைக்குக் குடுக்காம முந்தியே குடுத்துருவாங்க, ஸ்னப்ஷொட் எடுக்குறதும் முந்தணும். அதே லீவு பைலைத் தான் இந்த டைமரும் படிக்குது.

ஜூன் 21, பகல் 12.05

தம்பி புது ஸ்கிரிப்ட்டைக் காட்டியிருக்காரு, பாத்தேன். நோட்ஸ்ல மூனு வரி வந்துருச்சி, நல்லம். ஒன்பூட் கழட்டுற வரியை டேக் ஒட்டுறதுக்கு முன்னாடி போடுங்க. இடையில கரண்ட் போச்சின்னா டேக் இல்லாத வீஎம் படுத்திருக்கிறது பரவாயில்ல, டேக் ஒட்டுன வீஎம் ஓடிக்கிட்டு இருந்தா தான் குழப்பம். ஸ்கிரிப்ட்டை ரெண்டாவது தரம் ஓட்டுனாலும் ஒன்னும் கெடாத மாதிரி எழுதுங்க, பாதியில அறுந்தா அடுத்த ராத்திரி அது விட்ட இடத்தைத் தானே புடிச்சிக்கும். டிலீட் வரியை இப்போதைக்கு கொமெண்ட் பண்ணி, என்னத்தை அழிக்கப் போகுதுன்னு பேரை மட்டும் மெசேஜ்ல அனுப்ப விடுங்க. ஒரு பேட்ச் முடியட்டும், லிஸ்ட் சரியா வருதுன்னு பாத்துட்டு கொமெண்ட்டை எடுங்க.